வாக்குத்தத்தத் தினக் காலண்டர்கள்: எதை வாங்கலாம், எப்படி வாசிக்கலாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் மயிலாடுதுறை, பொறையார், நாகப்பட்டினம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வேதாகமங்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் முன்னால் வாசலை அடைத்துக்கொண்டு தொங்குபவை, தேவன் தந்த வாக்குகளை நாளுக்கு ஒரு வேதவசனமாக அச்சிட்ட வாக்குத்தத்தத் தினக் காலண்டர்கள்தாம். காலையில் முகம் கழுவியதும் முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டு அன்றைய வசனத்தை உரக்க வாசிக்கும் வழக்கம் எங்கள் கடைமடைப் பகுதியின் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் உண்டு. வேதாகமத்தைத் திறக்க நேரம் வாய்க்காத நாளில்கூட இந்த ஒரு வசனம் தவறுவதில்லை. தேவன் நம்மை நடத்துகிறார், நம்மை விசாரிக்கிறார் என்ற விசுவாசத்தை ஒரு குடும்பத்தின் நாவில் ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் பொருள் இது என்பதால், விலை மலிவானதுதானே என்று விட்டுவிடாமல் இதைக் கவனமாக மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

காலண்டரின் மேலட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் அதை மொத்தமாக வாங்கி வழங்கும் சபையின் பெயராகவோ கடையின் பெயராகவோ இருக்கும். உள்ளே தைத்திருக்கும் தாள்கட்டு பல பெயர்களின் கீழ் ஒன்றாகவே இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு வகையைச் சொல்கிறேன். இப்போது கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் தேதிக்குக் கீழே ஆறுதலான ஒரு வசனமும், சிறிய எழுத்தில் வேதாகமத்தில் அதன் இருப்பிடமும் (புத்தகம், அதிகாரம், வசன எண்) இருக்கும். சிலவற்றில் இருப்பிடம்கூட இராது. இரண்டாம் வகையில் வசனத்தோடு அன்றைக்கு வாசிக்க வேண்டிய வேதபகுதியும், தாளின் பின்புறம் நான்கைந்து வரி விளக்கமும் ஒரு சிறு ஜெபமும் இருக்கும். முதல் வகையைவிட இரண்டாம் வகைக்குச் சற்றே கூடுதல் விலை.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டும் சிவகாசி வேலைதான். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையெல்லாம் கூட்டமாக இருக்கும் அதே நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அத்தனை மாதம் முன்னதாகவே திட்டமிட்டுச் செய்யும் தொழில் என்பதால் அச்சும் தாளும் ஒழுங்காகவே இருக்கின்றன. மேலட்டையில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பரின் படம். மேலே இருக்கும் தகரப் பட்டை மட்டும் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் ஐப்பசிக்குள் துருப்பிடித்துவிடுகிறது. தாளை மெதுவாகக் கிழிக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுநாள் தாளின் முனையும் சேர்ந்து வந்துவிடும்.

ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன். கடைத்தெருவில் இலவசமாகக் கிடைக்கும் காலண்டர்களில் தேதிக்குப் பக்கத்திலேயே இராகுகாலமும் எமகண்டமும் சூலமும் அச்சாகியிருக்கும். இந்த இரண்டு வகையிலும் அவை இல்லை. எந்த வேளையில் வீட்டைவிட்டுப் புறப்படலாம் என்ற பயத்தோடு ஒரு விசுவாசி நாளைத் தொடங்க வேண்டியதில்லை. "உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்று 121-ம் சங்கீதம் சொல்லுகிற தேவனுக்கு எல்லா வேளையும் நல்ல வேளைதான். ஆனால் முதல் வகைக் காலண்டரில் அந்த ஆர்வத்திலேயே அமாவாசை, பௌர்ணமிக் குறிப்புகளையும் தமிழ் மாதத் தேதியையும் நீக்கிவிட்டிருப்பது சரியில்லை. தரங்கம்பாடியிலும் நாகூரிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அமாவாசை என்பது நீரோட்டத்தைப் பற்றிய அறிவு. நாற்றுவிடும் விவசாயிக்கு ஆடி, ஆவணி என்பது பருவக் கணக்கு. இரண்டாம் வகை இவற்றை வைத்துக்கொண்டிருக்கிறது. மூடநம்பிக்கையையும் தொழிலறிவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதைத் தொகுத்திருக்கிறார்கள்.

இனி வசனத்துக்கு வருவோம், ஏனென்றால் காலண்டரை வாங்குவதே அதற்காகத்தான். முதல் வகையின் வசனங்கள் எல்லாமே ஆசீர்வாதமும் பெருக்கமும் வெற்றியும் பற்றியவை. ஒவ்வொன்றும் வேதவசனம்தான், ஒன்றிலும் பொய்யில்லை. இருந்தாலும் ஒரு தை மாதக் காலையில் என் சித்தப்பா வீட்டுச் சுவரில் இந்த வகைக் காலண்டர் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். பொறையாருக்கு மேற்கே கடைமடை நிலத்தில் அவருக்குச் சம்பா விளைந்து அறுப்புக்கு நின்றது. வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில் இரவு முழுவதும் மழை கொட்டி, கதிர் சாய்ந்து, வயலில் தண்ணீர் நின்றது. விடிந்ததும் வழக்கம்போலத் தாளைக் கிழித்தார். "உன் களஞ்சியங்கள் பூரணமாய் நிரம்பும்" என்று இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை வாசித்துவிட்டு, "தம்பி, இது இன்னைக்கு யாருக்குடா எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். அதில் கசப்பு இல்லை. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டார்.

தாளின் ஓரத்தில் நீதிமொழிகள் 3:10 என்று இருந்தது. வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் திறந்தோம். காலண்டரில் வந்த வரிக்கு மேலே, "உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" என்ற வரி இருக்கிறது. அதற்குக் கீழே, "என் மகனே, நீ கர்த்தருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதே, அவர் கடிந்துகொள்ளும்போது சோர்ந்துபோகாதே" என்று இருக்கிறது. சற்று மேலே போனால், நாம் எல்லாரும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வரி: "உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்பது. களஞ்சியம் நிரம்பும் என்ற வாக்கு, நம்பிக்கையாயிரு என்ற கட்டளைக்கும் சோர்ந்துபோகாதே என்ற தேறுதலுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. நிரம்பாத ஆண்டும் வரும் என்பதை அறிந்துதான் அந்த அதிகாரம் பேசுகிறது. சித்தப்பா பதினோராம் வசனத்தை விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு, இயந்திரம் இறங்க முடியாத சேற்றில் மேட்டுப்பக்கம் நின்றிருந்த கதிரை மட்டுமாவது அறுத்துவிடலாம் என்று புறப்பட்டுப் போனார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள் என்பதால், அறுத்ததைச் சாலையில் கொட்டிப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் நெல் கோவிலுக்குப் போனது.

காலண்டர் கொடுத்த ஒரு வரியைவிட, அந்த வரி கிடந்த அதிகாரம் அவரை அன்று தாங்கியது. முதல் வகையின் மேல் என் முக்கியமான குறை இதுதான்: வசனத்தை அது வேரோடு எடுத்துத் தருவதில்லை. இது சின்ன விஷயமில்லை. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் சோதனைக்காரன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, 91-ம் சங்கீதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தைத்தான் எடுத்துச் சொல்லுகிறான். தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்பது மெய்யான வாக்குத்தான். ஆனால் அந்தச் சங்கீதத்தில் இருக்கும் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற சொற்களை அவன் விட்டுவிடுகிறான். இயேசு அதற்குப் பதிலாக உபாகமத்திலிருந்து, தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்ற வசனத்தை எடுத்து வைக்கிறார். வாக்கை நம்புவது வேறு. வாக்கைக் காட்டித் தேவனை நிர்ப்பந்திப்பது வேறு. துண்டாக வரும் வசனம் நம்மை அறியாமலே இரண்டாவதை நோக்கித் தள்ளிவிடக்கூடும்.

இரண்டாம் வகை இந்த இடத்தில் நன்றாகத் தேறுகிறது. அதில் தீர்க்கதரிசி எலியாவின் வரலாறு ஒரு வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்தில் ஓர் ஆற்றண்டையில் ஒளிந்திருந்த அவனுக்குக் காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்ததையும், சாறிபாத் விதவையின் பானையில் மா குறையாததையும் எல்லாக் காலண்டரும் அச்சிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏழாம் வசனத்தை அச்சிட்ட காலண்டரை நான் பார்த்தது இதில்தான்: "தேசத்தில் மழை பெய்யாதபடியினால், சில நாளுக்குப்பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று." தேவனே அனுப்பிய இடம், தேவனே காட்டிய ஆறு, அதுவும் வற்றியது. வற்றியபின்புதான் எழுந்து சாறிபாத்துக்குப் போ என்ற அடுத்த வார்த்தை வருகிறது. வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12-ம் தேதி தண்ணீரில்லாமலே கடந்துபோன ஆண்டுகளைக் கண்ட டெல்டாக்காரருக்கு, ஆறு வற்றியதால் தேவன் கைவிட்டார் என்று பொருளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பின்புறக் குறிப்பில் அதிகம் எழுதாமல், "ஆற்றை அல்ல, அனுப்பினவரை எலியா நம்பினான்" என்ற அளவில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

நாளுக்கு ஒரு வசனம் என்ற முறையையே குறைசொல்லுகிறவர்களும் சபையில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த முறைக்கு நீண்ட, கனமான ஒரு மரபு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சகோதரர் சபையார் சின்சென்டார்ஃப் பிரபுவின் தலைமையில் 1728-ல் நாளுக்கு ஒரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லிவரத் தொடங்கி, 1731-க்கு அதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள்; அது இன்றுவரை நிற்காமல் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மனிதர் தேடித் தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சகோதரர்களே 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பக்கத்தில் தோட்டம் அமைத்துச் சில பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதால் இந்த வழக்கம் நம் மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல. இதில் நான் மதிப்பது சீட்டை விடவும் அதன்பின் வரும் தேடலை. எடுத்த வசனத்தோடு நின்றுவிடாமல் இன்னொரு வசனத்தை அதற்கு அருகில் வைத்துப் பார்த்தார்கள். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் சொல்லுகிறபடி, வருடப்பிறப்பு நடுஇரவு ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுப்பதிலும் எனக்குத் தடையில்லை. ஆனால் அட்டையைக் குறி கேட்பதுபோல் எடுத்து, பிடித்த வசனம் வரவில்லை என்று மறுபடியும் தட்டுக்குள் கையை விடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வாக்கு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. நிருபத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிவரும் நாளைக் காணாமலே போயிருப்பார்கள். அவர்களுக்கு எரேமியா அனுப்பிய அன்றாட வழிநடத்துதல், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதே. இரண்டாம் வகைக் காலண்டர் இந்த வசனம் வந்த நாளில் நான்காம் வசனத்திலிருந்து பதினான்கு வரை வாசிக்கச் சொல்கிறது. வெளிநாட்டு வேலைக்கு விசா வருமா என்று காத்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளில் அந்தப் பதினொரு வசனங்களையும் சேர்த்து வாசித்தால், காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதற்கும் பதில் கிடைக்கும்.

வழிநடத்துதல் என்றதும் தாளில் வந்த வசனத்தை வைத்தே நிலம் வாங்குவது, சம்பந்தம் பேசுவது என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. "ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் அவைகள் உறுதிப்படும்" என்பதும் அதே வேதாகமத்து வாக்குத்தான். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவதும், குருவானவரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கலந்துபேசுவதும் விசுவாசக் குறைவு அல்ல. இரண்டாம் வகையின் பின்புற ஜெபங்களில், "என் முடிவில் உதவும் மனிதர்களை எனக்குக் காட்டும்" என்ற வேண்டுதல் வெவ்வேறு சொற்களில் அடிக்கடி வருவது இதனாலேயே மனநிறைவு தருகிறது.

தேவனுடைய பராமரிப்பு பெரும்பாலும் மனிதரின் கையால்தான் நம்மிடம் வந்து சேருகிறது என்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்கக்கூடாது. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் நிலவியபோது, பணம் வந்து சேராது என்று அஞ்சிய குடியானவர்கள் அரசாங்கத்துக்கு மாடும் தானியமும் தர மறுத்தார்கள். ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் தாமே பொறுப்பு என்று சொன்னபிறகு தானியம் வந்தது. வாக்களித்தபடி எல்லாருக்கும் பணமும் கொடுக்கப்பட்டது. கோட்டைக்குள் பசித்திருந்தவர்களுக்கு அன்று வந்த தானியமும் தேவன் விசாரித்ததுதான். முதல் வகைக் காலண்டரில் எல்லா வாக்கும் "உனக்கு", "உன் வீட்டுக்கு" என்றே வருவதால், நம் கையால் இன்னொருவர் விசாரிக்கப்பட வேண்டும் என்பது ஆண்டு முழுவதும் வாசித்தாலும் நினைவுக்கு வராது.

இரண்டாம் வகையிலும் குறைகள் உண்டு. பின்புற எழுத்து மிகவும் பொடி. அறுபதைத் தாண்டியவர்கள் ஜன்னலருகே கொண்டுபோனாலும் வாசிக்க முடியாது. தரங்கம்பாடியில் 1714-ல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதையும் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயரின் மிஷன் அச்சகத்தார் அச்சிட்டபோது, ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாயிருந்து தாளை விழுங்கியதால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். அவர்களுக்குத் தாள் தட்டுப்பாடு. இன்றைக்கு அந்த நெருக்கடி இல்லை. விளக்கத்தில் ஒரு வரியைக் குறைத்தாவது எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

இன்னொன்று, முறையீட்டுச் சங்கீதங்களுக்கு இரண்டாம் வகையிலும் இடம் போதவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ம் சங்கீதம், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற இடத்துக்கு ஆறே வசனத்துக்குள் வந்து சேருகிறது. 2004 டிசம்பர் 26-ல் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த குடும்பங்கள் வேளாங்கண்ணியிலிருந்து தரங்கம்பாடிவரை எத்தனையோ. அந்தத் தேதிக்கான தாளில் செழிப்பைப் பற்றிய வசனத்தை வைப்பதைவிட இந்தச் சங்கீதத்தை வைப்பது அவர்களைக் கனம்பண்ணுவதாகும். கஜா புயல் 2018-ல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த நவம்பர் 16-ம் தேதிக்கு ஆபகூக்கின் "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்" என்ற பகுதியை வைக்கலாம். அதன் அடுத்த வசனம் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்பது. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட வேண்டும். டெல்டாச் சபைகளுக்கென்று மொத்தமாக அச்சிடும்போது தொகுப்பாளர்கள் இதைச் செய்வது கடினமல்ல.

வாங்க நினைப்பவர்கள் இரண்டாம் வகையை வாங்குங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் வகையும் பயன்படும். வசனம் குறுகியதாகவும் எழுத்து பெரிதாகவும் இருப்பதால் அவர்கள் தாங்களே வாசித்துக்கொள்வார்கள், அதிகாரத்தைத் திறந்து காட்டும் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால் போதும். கடையில் மேலட்டைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கட்டின் நடுவில் சில தாள்களைத் தூக்கிப் பார்த்து, வசனத்தின் இருப்பிடமும் வாசிப்புப் பகுதியும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சபைப் பெயரை அச்சிட்டு மொத்தமாக வாங்குவதென்றால் ஐப்பசியிலேயே சொல்லிவையுங்கள். கார்த்திகை மழை தொடங்கியபின் வரும் பார்சல்கள் சில நேரம் நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அப்படி வந்ததைக் கடைக்காரர்கள் எளிதில் மாற்றித் தருவதில்லை.